ஆக்குத்திசுவிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: தாவரவியல் புதிதாகப் படிக்கிறேன். ஆக்குத்திசு, நுனி ஆதிக்கம், நீராவிப்போக்கு, விதை உறக்கம், மகரந்தச் சேர்க்கை, கருவுறுதல் என்று சொற்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வரையறைகளை மனப்பாடம் செய்கிறேன். அடுத்த வாரமே ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் ஒன்றுதானா? உறங்கும் விதைக்கும் செத்த விதைக்கும் என்ன வித்தியாசம்? எந்த வரிசையில் படித்தால் மனதில் நிற்கும்?

பதில்:

முதலில் அந்தச் சொற்பட்டியலை மூடி வையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் சொற்கள் எல்லாம் ஒரே உயிரின் வாழ்வில் அடுத்தடுத்து நடப்பவற்றின் பெயர்கள். பட்டியலில் அவை தனித்தனியாக நிற்பதால்தான் கலந்துபோகின்றன. இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்ததில் நான் கண்டது இது: ஆக்குத்திசு என்ற ஒரு சொல் சரியாகப் பிடிபட்டால், மற்றவற்றில் பாதிக்கு மேல் அதன் பின்னால் வந்துவிடும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், அதில்தான் அதிக நேரமும் செலவிடப்போகிறேன்.

விலங்கின் உடல் எல்லாப் பக்கமும் சேர்ந்து பெரிதாகி, பெரும்பாலும் ஒரு வயதோடு நின்றுவிடும். செடி அப்படி வளர்வதில்லை. அதன் உடலில் சில இடங்களில் மட்டும், எந்த வேலையையும் இன்னும் ஏற்காத இளம் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். அந்தத் திட்டுகள்தாம் ஆக்குத்திசு. ஆயிரம் ஆண்டு வயதான மரத்திலும் கிளை நுனியில் இருக்கும் அந்தச் செல்கள் கருவில் இருந்தவற்றைப் போன்றே இளமையானவை. அங்கே பிறக்கும் செல் முதலில் பிரிகிறது, பிறகு நீள்கிறது, கடைசியாக நீர் கடத்துவது, உடலைத் தாங்குவது, உணவு தயாரிப்பது என்று ஏதாவது ஒரு வேலைக்கு ஏற்ப உருமாறுகிறது. அந்தக் கடைசிப் படிக்கு வேறுபாடடைதல் என்று பெயர்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓர் அவரை விதையை ஈரப் பஞ்சில் முளைக்க விடுங்கள். முளைவேர் இரண்டு சென்டிமீட்டர் நீண்டதும், அதன் நுனியிலிருந்து மேல்நோக்கி மில்லிமீட்டருக்கு ஒன்றாக, நீரில் கரையாத மையால் மெல்லிய கோடுகள் இடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் யூலியுஸ் சாக்ஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் செய்துகாட்டிய சோதனை இது. மறுநாள் பாருங்கள். மேலே இருக்கும் கோடுகள் இட்டபடியே நெருக்கமாக இருக்கும். நுனிக்குச் சற்றுப் பின்னால் இருந்த கோடுகள் மட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, மை இழுபட்டு மங்கிப்போயிருக்கும். வேரின் மற்றப் பகுதி துளிகூட நீளவில்லை. நுனியில் இருப்பது வேர்மூடி. அதற்கு உள்ளே செல் பிரியும் இடம். அதற்குப் பின்னால் சில மில்லிமீட்டர் அளவுக்குச் செல் நீளும் இடம். அதையும் தாண்டி, வெல்வெட் போல வேர்த்தூவிகள் முளைத்திருக்கும் பகுதி. தூவிகள் ஏன் நீளும் பகுதியில் இல்லை என்று யோசித்துப் பாருங்கள். மண்ணுக்குள் இழுபடும் பகுதியில் தூவி இருந்தால் அது அறுந்துபோகும்.

தண்டும் இதே கணக்குத்தான். மரத்தில் உங்கள் நெஞ்சு உயரத்துக்கு ஓர் ஆணி அடித்திருந்தால், இருபது ஆண்டு கழித்தும் அது அதே உயரத்தில்தான் இருக்கும். மரம் உச்சியில் மட்டும் உயர்ந்திருக்கும். ஆனால் ஆணியின் தலை மரத்துக்குள் புதைந்துபோயிருக்கும். இந்த இரண்டு நிகழ்வுக்கும் இரண்டு சொற்கள் உண்டு. நுனி ஆக்குத்திசுவால் நீளுவது முதல்நிலை வளர்ச்சி. பட்டைக்கு அடியில் உறைபோலச் சுற்றியிருக்கும் கேம்பியம் என்ற ஆக்குத்திசுவால் பருப்பது இரண்டாம்நிலை வளர்ச்சி. கேம்பியம் உட்பக்கமாக சைலத்தையும் வெளிப்பக்கமாக புளோயத்தையும் உண்டாக்குகிறது. சைலம் நீரை மேலே கொண்டுபோகும். அதுதான் நாம் மரம் என்று அறுப்பது. புளோயம் இலையில் உண்டான சர்க்கரையை வேருக்கும் மற்ற இடங்களுக்கும் கொண்டுபோகும். தண்டைச் சுற்றி ஒரு வளையமாகப் பட்டையை உரித்துவிட்டால் புளோயம் அறுபடுகிறது. இலைகள் சில காலம் பசுமையாகவே இருக்கும், ஏனென்றால் நீர் தடைபடவில்லை. பட்டினி கிடப்பது வேர். வேர் செத்த பிறகே மரம் சாகும். அதனால்தான் அந்தச் சாவு அத்தனை தாமதமாகத் தெரிகிறது.

புல்லை வெட்ட வெட்ட வளர்வதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. புல்லின் இலையில் பிரியும் செல்கள் இலையின் அடியில் இருக்கின்றன. மேயும் வாய் நுனியைக் கொண்டுபோகிறது, தொழிற்சாலை கீழே பத்திரமாக இருக்கிறது. இதற்கு இடை ஆக்குத்திசு என்று பெயர்.

வளர்ச்சி என்ற சொல்லையே ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். திரும்பிப் போகாத அளவுப் பெருக்கம்தான் வளர்ச்சி. ஊறவைத்த விதை உப்புவது வளர்ச்சி ஆகாது. செத்த விதையும் உப்பும். நீரை உறிஞ்சி உப்பும் அந்தச் செயலுக்கு உள்ளீர்த்தல் என்று பெயர். முளைவேர் விதையுறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால்தான் முளைத்தல்.

அடுத்து ஹார்மோன்கள். புத்தகங்கள் ஐந்து பெயர்களை வரிசையாகச் சொல்லும்: ஆக்சின், ஜிபெரெல்லின், சைட்டோகைனின், அப்சிசிக் அமிலம், எத்திலீன். இவற்றை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். முதலில் ஆக்சின். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல் நாற்றின் நுனியை ஒளி புகாத சிறு தொப்பியால் மூடினார்கள். நாற்று ஒளியை நோக்கி வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடிப்பகுதியை மூடினால் வளைந்தது. வளையும் இடம் கீழே, உணரும் இடம் மேலே என்றால், மேலிருந்து ஏதோ ஒரு செய்தி இறங்கி வர வேண்டும் என்று 1880-ல் எழுதினார்கள். அந்தச் செய்தி ஒரு வேதிப்பொருள் என்பதை 1920களில் பிரிட்ஸ் வெண்ட் என்ற டச்சு ஆய்வாளர் ஓட்ஸ் நாற்றுகளில் காட்டினார். அதுதான் ஆக்சின். அது நிழல் விழும் பக்கத்தில் சேர்ந்து அங்குள்ள செல்களை அதிகம் நீளவைக்கிறது. தண்டு ஒளிப்பக்கம் சாய்கிறது. ஒளிச்சார்பசைவு என்று படிப்பது இதைத்தான்.

அதே ஆக்சின் உச்சியிலிருந்து கீழிறங்கி, இலைக்கோணங்களில் இருக்கும் கோணமொட்டுகளை வளரவிடாமல் அடக்கிவைக்கிறது. நுனி ஆதிக்கம் என்றால் இவ்வளவுதான். உச்சியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிப்பது ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அடக்கப்பட்ட அந்த மொட்டு ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆக்குத்திசு காத்திருக்கிறது. உச்சி முறிந்தாலோ தின்னப்பட்டாலோ செடிக்கு அதுதான் சேமிப்பு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிபெரெல்லின் தண்டை நீளவைப்பது. ஜப்பானில் நெல் நாற்றுகளை அளவுக்கு மீறி உயரவைத்துச் சாய்த்த ஒரு பூஞ்சை நோயை ஆராயப்போய்த்தான் அது தெரியவந்தது. சைட்டோகைனின் செல் பிரிதலைத் தூண்டும். எத்திலீன் ஒரு வாயு, கனிகளைப் பழுக்கவைக்கும். அப்சிசிக் அமிலம் நிறுத்து என்று சொல்லும் ஹார்மோன். அது பின்னால் இரண்டு இடங்களில் வரும்.

இனி உணவு. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்ற ஆய்வாளர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டு நீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். எல்லாம் நீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவுகட்டினார். பாதிதான் சரி. மரத்தின் உலர்ந்த எடையில் பெரும்பங்கு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது. ஒளியின் ஆற்றலால் அதையும் நீரையும் சேர்த்துச் சர்க்கரை ஆக்குவது ஒளிச்சேர்க்கை. இங்கே அநேகர் செய்யும் தவறு ஒன்று உண்டு: செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும் என்று எழுதுவது. அது தவறு. உயிருள்ள ஒவ்வொரு செல்லும் இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிட அதிகமாக நடப்பதால் சுவாசம் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

பிழைத்திருத்தல் என்ற பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர இலைத்துளை திறந்திருக்க வேண்டும். திறந்தால் நீர் ஆவியாகி வெளியே போகும். அந்த இழப்புக்கு நீராவிப்போக்கு என்று பெயர். வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. அது முழு நஷ்டமும் ஆகாது. சைலத்தில் நீர்க்கம்பியை உச்சிவரை இழுப்பதும் அதே ஆவியாதல்தான். ஒவ்வொரு துளையையும் இரண்டு காப்பு செல்கள் சூழ்ந்திருக்கும். அவை நீரேறி விறைத்தால் துளை திறக்கும், தளர்ந்தால் மூடும். வறட்சியில் அப்சிசிக் அமிலம் சேர்ந்து அவற்றைத் தளரவைக்கிறது. தண்ணீரைக் காப்பாற்ற மூடினால் சாப்பாடு குறையும், சாப்பிடத் திறந்தால் தண்ணீர் போகும். நகர முடியாத ஓர் உயிர் நாள் முழுக்க இந்தப் பேரத்தை நடத்திக்கொண்டிருக்கிறது. கள்ளி இதை வேறு விதமாகச் சமாளிக்கிறது: இரவின் குளிர்ச்சியில் துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி, அமிலமாக்கி வைத்துக்கொண்டு, பகலில் துளையை மூடிவிட்டுச் சர்க்கரை செய்கிறது. தகவமைப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இலை உதிர்தலையும் இந்த வரிசையில் வையுங்கள். இலை செத்ததால் உதிர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கிளை பசுமையாக இருக்கும்போதே முறிந்து தொங்கினால் கவனித்துப் பாருங்கள்: அதன் இலைகள் காய்ந்து சுருண்டு மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். உயிருள்ள கிளைதான் இலைகளைச் சுத்தமாக உதிர்க்கும். இலையிலிருந்து எடுக்கக்கூடிய சத்துகளை உடலுக்குள் இழுத்துக்கொண்டு, காம்பின் அடியில் உதிர்வு அடுக்கு என்ற மெல்லிய செல் வரிசையை உண்டாக்கி, அங்கே செல்களின் பிணைப்பைத் தானே கரைத்து, இலையைக் கழற்றிவிடுகிறது. உதிர்ந்த இடத்தில் தழும்பு மூடியிருக்கும். மூப்படைதல், உதிர்தல் என்ற இரண்டு சொற்களும் செடி உயிரோடு செய்யும் வேலைகள்.

இப்போது பூ. பூ என்பது ஆக்குத்திசு தன் வேலையை மாற்றிக்கொள்வது. இலைகளை உண்டாக்கிக்கொண்டிருந்த நுனி ஒரு நாள் அதை நிறுத்திவிட்டு, புல்லிவட்டம் (வெளியுறை), அல்லிவட்டம் (இதழ்கள்), மகரந்தத் தாள்கள் (ஆண் உறுப்புகள்), சூலகம் (பெண் உறுப்பு) என்ற வரிசையில் உறுப்புகளை உண்டாக்கத் தொடங்குகிறது. பூவின் பாகங்கள் எல்லாம் உருமாறிய இலைகளே என்று ஜெர்மானியக் கவிஞர் கெத்தே 1790-லேயே எழுதினார். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடோப்சிஸ் செடியில், பூவின் உறுப்புகளை நிர்ணயிக்கும் மூன்று வகை மரபணுக்களையும் செயலிழக்கச் செய்தபோது, பூ இருக்க வேண்டிய இடத்தில் இலை போன்ற உறுப்புகளே வந்தன. அவர் சொன்னதற்கு இரு நூற்றாண்டு கழித்துக் கிடைத்த சாட்சி அது.

நுனிக்கு எப்படிக் காலம் தெரிகிறது? 1920-ல் கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பகலின் நீளத்தைப் பொறுத்தே பல செடிகள் பூக்கின்றன என்று வெளியிட்டார்கள். அதற்கு ஒளிக்காலத்துவம் என்று பெயர். குறும்பகல் தாவரம், நெடும்பகல் தாவரம் என்று பெயர் வைத்த பிறகுதான், செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தை என்பது தெரிந்தது. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டால் குறும்பகல் தாவரம் பூக்காமல் நின்றுவிடும். இன்னும் சில செடிகள் ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் பூக்கும். அந்தக் குளிர்த் தேவைக்குத் தட்பப்பதனம் என்று பெயர்.

நுனி பூவாகிவிட்டால் அந்த நுனி முடிந்தது. அது மறுபடி இலை தராது. இதைப் பிடித்துக்கொண்டால் ஆயுள் பற்றிய சொற்களும் எளிது. ஒருபருவத் தாவரம் தன் நுனிகளையெல்லாம் பூவாக்கிச் செலவழித்துவிட்டு, சேமிப்பு முழுவதையும் விதைக்குக் கொடுத்துச் சாகிறது. பல்பருவத் தாவரம் சில நுனிகளைப் பூவாக்கி, மீதியை வளர்ச்சிக்கு வைத்துக்கொள்கிறது. தாளிப்பனை பல பத்தாண்டுகள் இலை மட்டும் விட்டுவந்து, தன் ஒரே உச்சியை ஒரு மாபெரும் பூங்கொத்தாக்கி, காய்த்து, மடிகிறது. அதற்கு வேறு நுனி இல்லை.

உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் ஒன்றல்ல. மகரந்தத் தூள் சூலகத்தின் உச்சியான சூல்முடியில் வந்து விழுவது மகரந்தச் சேர்க்கை. அத்தோடு அது முடிந்தது. காற்றோ பூச்சியோ பறவையோ செய்யும் வேலை அது. பிறகு அந்தத் தூளிலிருந்து மகரந்தக் குழல் முளைத்து, சூல்முடிக்குக் கீழிருக்கும் சூல்தண்டின் வழியாக இறங்கி, அடியிலுள்ள சூற்பைக்குள் முட்டையைத் தாங்கிய சூலைத் தேடிப் போய், ஆண் செல்லை முட்டையிடம் சேர்க்க வேண்டும். அங்கே இரண்டும் இணைவதுதான் கருவுறுதல். மக்காச்சோளக் கதிரின் உச்சியில் தொங்கும் பட்டுநூல் ஒவ்வொன்றும் ஒரு சூல்தண்டு. நூலுக்கு ஒரு மணி. ஒரு தூள் நூல் நுனியில் விழுந்தால், அதன் குழல் இருபது முப்பது சென்டிமீட்டர் வளர்ந்து ஏறத்தாழ ஒரு நாளில் அடியைத் தொடும். கதிரில் ஆங்காங்கே மணி இல்லாத பொக்கை இடங்களைப் பார்த்தால், அந்த நூல்களுக்குத் தூள் கிடைக்காமல் போயிருக்கக்கூடும். பைன் மரத்தில் இந்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஓர் ஆண்டு ஓடிவிடும். சில செடிகளின் சூலகம் தன் சொந்த மகரந்தத்தை அடையாளம் கண்டு, அதன் குழலை வளரவிடாமல் நிறுத்திவிடும். அங்கே மகரந்தச் சேர்க்கை நடந்தது, கருவுறுதல் நடக்கவில்லை. இந்த மூன்றையும் நினைவில் வைத்தால் இரண்டு சொற்களும் இனிக் கலக்காது.

பூக்கும் தாவரங்களில் குழல் கொண்டுவருவது இரண்டு ஆண் செல்களை. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று பெரும்பாலும் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து, கருவுக்கு ஊட்டும் கருவூண்திசு ஆகிறது. இதைத்தான் இரட்டைக் கருவுறுதல் என்கிறோம்; நவாஷின் என்ற ரஷ்யர் 1898-ல் கண்டது. தானிய மணியில் மாவாக இருப்பது பெரும்பாலும் இந்தத் திசுவே. கருவுற்றபின் சூல் விதையாகும், சூற்பை கனியாகும். பேச்சில் நாம் காய், பழம் என்று பழுத்ததைப் பொறுத்துப் பிரிக்கிறோம். தாவரவியலில் முதிர்ந்த சூற்பை எதுவானாலும் கனிதான். காய்ந்த அவரை நெற்றும் கனி. பைனுக்குச் சூற்பையே இல்லை, ஆகவே விதை உண்டு, கனி கிடையாது. திறந்தவிதைத் தாவரம் என்ற பெயருக்கு அதுவே பொருள்.

விதையே இல்லாமலும் செடி பெருகும். உருளைக்கிழங்கின் கண் என்பது ஒரு மொட்டு. அதனால் அது தண்டு, வேர் அன்று. ஆக்குத்திசு இருக்கும் துண்டு மண்ணைத் தொட்டால் புதுச் செடி வரும். இது உடல இனப்பெருக்கம். இப்படி வருபவை மரபில் தாயின் நகல்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பாண்டோ என்று பெயரிட்ட ஆஸ்பென் காடு சுமார் 43 ஹெக்டேர் பரப்பில், பல்லாயிரம் தண்டுகளோடு நிற்கிறது. எல்லாம் ஒரே விதையிலிருந்து, வேர்வழியே முளைத்துப் பரவியவை. நகலாகப் பெருகுவது வேகம், ஆனால் ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லலாம். விதைகள் ஒவ்வொன்றும் வேறுபட்டவை, அதோடு காலத்தையும் கடக்கும்.

காலம் என்றதும் உங்கள் கடைசிக் கேள்வி வருகிறது. செத்த விதையில் கரு அழிந்துவிட்டது. எது கொடுத்தாலும் முளைக்காது. உயிருள்ள விதை முளைக்காமல் இருப்பதற்கு இரண்டு நிலைகள் உண்டு. நீர், காற்று, ஏற்ற வெப்பம் கிடைக்காததால் காத்திருப்பது ஓய்வு. அவை கிடைத்ததும் முளைத்துவிடும். அவையெல்லாம் கிடைத்தும் முளைக்க மறுப்பதுதான் உறக்கம். உறை நீர் புகாதபடி கெட்டியாக இருக்கலாம், கரு இன்னும் முதிராமல் இருக்கலாம், அப்சிசிக் அமிலம் தடுத்துக்கொண்டிருக்கலாம். ஈரக் குளிர், உறையில் கீறல், ஒளி என்று ஒவ்வொரு விதையும் தனக்கான ஒரு சாவியைக் கேட்கும். முதல் மழையிலேயே எல்லா விதையும் முளைத்து, அடுத்து வரும் வறட்சியில் எல்லாம் மடிந்துவிடாமல் இனம் தப்புவது இந்த மறுப்பால்தான்.

இது எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்க்க, வில்லியம் பீல் என்ற பேராசிரியர் 1879-ல் அமெரிக்காவின் மிச்சிகனில், 21 வகைச் செடிகளின் விதைகளை வகைக்கு 50 வீதம் ஈர மணலில் கலந்து, 20 புட்டிகளில் இட்டு, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி புதைத்தார். அவர் காலத்துக்குப் பின்னும் தலைமுறை தலைமுறையாக ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகத் தோண்டி விதைத்துப் பார்க்கிறார்கள். 2021-ல் பதினாறாவது புட்டியை எடுத்தார்கள். தோண்டியது விடியுமுன் இருட்டில்; ஒரு கணம் பட்ட வெயில்கூட உறங்கும் விதையை எழுப்பிவிடலாம் என்பதால். 140 ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த அந்த விதைகளில் 20 முளைத்தன, எல்லாம் வெர்பாஸ்கம் என்ற செடிப் பேரினத்தைச் சேர்ந்தவை. மற்ற வகைகள் எதுவும் எழவில்லை. அடுத்த புட்டி 2040-ல் வெளியே வரும்.